அம்மாவிடம் விக் கேட்டார்... கசினிடம் உரிமை பேசினார்! 1800-ல் ஓர் அமெரிக்கப் பெண்ணின் ‘இன்பாக்ஸ்’

உங்கள் போனை எடுத்து, நேற்று ஒருநாள் நீங்கள் அனுப்பிய மெசேஜ்களை மட்டும் பாருங்கள். அம்மாவுக்கு, “சாப்பிட்டேன்மா, எல்லாம் ஓகே.” தங்கைக்கு அதே நாளைப் பற்றி ஐந்து நிமிட வாய்ஸ் நோட், யார் என்ன டிரஸ் போட்டிருந்தார்கள், யார் யாரிடம் பேசவில்லை என்று ஃபுல் கவரேஜ். மனசுக்கு நெருக்கமான ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, “எனக்கு இந்தக் கல்யாணப் பேச்சே ஒத்துவரல, ஏன்னு சொல்றேன் கேளு” என்று ஆரம்பிக்கும், ஸ்க்ரோல் பண்ணப் பண்ண முடியாத மெசேஜ்.

மூன்றுமே நீங்கள்தான். மூன்றும் வேற வேற நீங்கள்!

இது ஸ்மார்ட்போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைத்தால், எலைஸா சவுத்கேட்டின் கடிதங்களை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1783 செப்டம்பரில் பிறந்தவர். அதே மாதம்தான் பிரிட்டன் அமெரிக்காவின் விடுதலையை ஏற்று பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதாவது, அந்த நாடும் இந்தப் பெண்ணும் ஒரே வயது. 13 வயதிலிருந்து அவர் வீட்டுக்கும் உறவுகளுக்கும் எழுதிய கடிதங்களைக் குடும்பத்தினர் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒரு இளம்பெண்ணின் மூன்று குரல்களையும் இன்றும் நாம் கேட்க முடிகிறது.

யார் இந்த எலைஸா?

எலைஸாவின் ஊர் ஸ்கார்பரோ. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கடலோரத்தில் இருக்கும் ஊர். இன்று மெய்ன் மாநிலம். அப்போது மெய்ன் என்று தனி மாநிலம் இல்லை. 1820 வரை அது மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. அப்பா ராபர்ட் சவுத்கேட் மருத்துவர், பிறகு நீதிபதியும் ஆனவர். அம்மா மேரி, பெரிய இடத்துப் பெண். மேரியின் அண்ணன் ரூஃபஸ் கிங், 1787-ல் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பின்னாளில் லண்டனில் அமெரிக்கத் தூதராகவும் இருந்தார்.

தாய்மாமா கையெழுத்துப் போட்ட அந்தச் சட்டத்தில், மருமகளுக்கு என்ன கிடைத்தது? பெரிதாக ஒன்றுமில்லை. யாருக்கு ஓட்டு என்பதை மாநிலங்களே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் மட்டும் சொத்து வைத்திருந்த, கணவர் இல்லாத பெண்களால் ஓட்டுப் போட முடிந்தது. 1807-ல் அதையும் பறித்துவிட்டார்கள்.

மேடை கிடையாது, ஓட்டு கிடையாது, கல்லூரி கிடையாது. வசதியான வீட்டுப் பெண்ணுக்கே நிலைமை இதுதான். அவர் கையில் இருந்தது ஓர் இறகுப் பேனாவும் ஒரு தாளும்.

ஒரு மெசேஜ் அனுப்ப இவ்வளவு வேலையா?

அப்போதெல்லாம் கவர் கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அதன் வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்தோ மாவால் செய்த மெல்லிய வில்லையை நனைத்தோ ஒட்டுவார்கள். பேனா என்பது வாத்து இறகு. முனை மழுங்கினால் கத்தியால் சீவிக்கொள்ள வேண்டும். ‘கையெழுத்து மோசமா இருக்கு, மன்னிச்சுக்கோங்க’ என்று அந்தக் காலக் கடிதங்களில் அடிக்கடி வருவதற்கு இந்த இறகும் ஒரு காரணம்.

அடுத்தது காசு. 1799-ல் வந்த கட்டணப்படி, ஒற்றைத் தாள் கடிதம் 40 மைல் தூரம் வரை போக 8 சென்ட். 500 மைலைத் தாண்டினால் 25 சென்ட். இரண்டு தாள் வைத்தால் இரட்டிப்பு. அதனால் ஒரே தாளில் ஓரம், மூலை எதையும் விடாமல் எழுதித் தள்ளுவார்கள். சிலர் முழுப் பக்கமும் எழுதி முடித்த பிறகு, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதுவார்கள். படிப்பவர் பாடு திண்டாட்டம்தான்!

இன்னொரு விஷயம்தான் செம. பெரும்பாலும் காசு கொடுத்தது அனுப்பியவர் அல்ல, கடிதத்தைப் பெற்றவர். அமெரிக்காவில் தபால்தலையே 1847-ல்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள்... உங்களுக்கு மெசேஜ் வரும்போதெல்லாம் உங்கள் பாக்கெட்டிலிருந்து பணம் போனால், “ம்”, “ஓகே” என்று அனுப்பும் ஃப்ரெண்டை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? ஒரு கடிதத்தில் காசுக்கேற்ற சரக்கு இருந்தாக வேண்டும். செய்தி வேண்டும், நல்ல கையெழுத்து வேண்டும், கொஞ்சம் சிரிப்பும் வேண்டும்.

அந்தச் செலவைத் தவிர்க்கவும் வழி இருந்தது. அந்த ஊர்ப் பக்கம் போகும் உறவினரிடமோ, தெரிந்த வியாபாரியிடமோ கடிதத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆள் எப்போது கிளம்புகிறாரோ அப்போது கடிதமும் கிளம்பும். “அவர் வாசல்ல நிக்கிறார், இதோட முடிக்கிறேன்” என்று அவசரமாக முடியும் கடிதங்கள் அந்தக் காலத்தில் சகஜம்.

பிரைவசி? மறந்துவிடுங்கள். ஒரு மகளின் கடிதம் வந்தால், வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் சத்தமாகப் படிப்பது வழக்கம். அப்பா, அம்மா, தம்பி, தங்கை, வந்திருக்கும் விருந்தாளி என எல்லோர் காதிலும் விழும். அப்பா, அம்மாவுக்கு எழுதும் கடிதம் என்பது உண்மையில் ‘ஃபேமிலி குரூப்’பில் போடும் மெசேஜ். இதை மனதில் வைத்துக்கொண்டு எலைஸாவின் கடிதங்களுக்குள் போவோம்.

குரல் ஒன்று: ‘அன்புள்ள அப்பா, அம்மா’

நியூ இங்கிலாந்து பகுதியில் பெண் குழந்தைகளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள், பைபிள் வாசிக்க வேண்டுமே! எழுதுவது தனிப் பாடம். அது தொழிலுக்குத் தேவையானது, ஆண்பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் பல தலைமுறைகள் இருந்தது. விடுதலைக்குப் பிறகு அது மெல்ல மாறியது. புதிய குடியரசின் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் படித்திருக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பி, பெண்களுக்கான பள்ளிகள் முளைத்தன. எலைஸா அந்த முதல் அலையில் படித்தவர்.

1797-ல் பாஸ்டனுக்கு அருகே இருக்கும் மெட்ஃபர்டில் ஒரு பள்ளி. பிறகு பாஸ்டனில் சுசானா ரௌசன் நடத்திய பள்ளி. இந்த ரௌசன் சாதாரண டீச்சர் இல்லை. மேடை நடிகையாக இருந்தவர். அவர் எழுதிய ‘ஷார்லட் டெம்பிள்’ நாவல், அந்தக் கால அமெரிக்காவின் மெகா பெஸ்ட்செல்லர். ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போய் ஏமாந்துபோகும் பெண்ணின் கதை. அதை எழுதியவரே 1797-ல் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கிவிட்டார். எலைஸாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் எலைஸா நல்ல பிள்ளை. மரியாதை, நன்றி, படிப்பில் முன்னேற்றம், இன்னும் கொஞ்ச காலம் படிக்க அனுமதி வேண்டும் என்ற பணிவான கோரிக்கை. ஒவ்வொரு வரியும் அப்பா செலவழிக்கும் பணத்துக்குக் கணக்கு சொல்வதுபோல இருக்கும். கடிதத்தின் கையெழுத்தே ஒரு ரிப்போர்ட் கார்டுதான். பெண் ஒழுங்காகப் படிக்கிறாளா என்பதை வீட்டில் அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் 1800-ல் பாஸ்டனிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார் பாருங்கள்! அதில் அவர் கேட்பது, விக். ஆமாம், பொய்முடி. அப்போது முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது ஃபேஷன். அல்லது விக் வைத்துக்கொள்ள வேண்டும். தோழி ஒருத்தி வாங்கிவிட்டாள், என் முடி நிறத்திலேயே இருக்கிறது, வெறும் 5 டாலர்தான் என்று ஆரம்பித்து, என் முடியை ஸ்டைலாக அலங்கரிக்கவே முடியவில்லை என்று அழுதுகாட்டி, ஒன்று வெட்ட வேண்டும் இல்லை வாங்க வேண்டும் என்று முடிக்கிறார்.

கவனியுங்கள்... ‘அவகிட்ட இருக்கு’, ‘விலை கம்மிதான்’, ‘வேற வழியே இல்லை’. புது போன் கேட்கும்போது நாம் எடுத்துவிடும் அதே மூன்று அஸ்திரங்கள்! ஓர் இளம்பெண்ணிடம் சொந்தப் பணம் இல்லாத காலத்தில், எழுத்துதான் அவளுடைய பர்ஸ். நன்றாக எழுதத் தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

குரல் இரண்டு: தங்கைக்கு ஃபுல் கவரேஜ்

தங்கை ஆக்டேவியாவுக்கு எழுதும்போது அந்த நல்ல பிள்ளை காணாமல் போய்விடுகிறார். யார் யாருடன் ஆடினார்கள், யார் வந்தார்கள், எந்தப் பேச்சு சுவாரஸ்யம், எந்த ஆள் போர் என எல்லாம் வரும். 1802-ல் போர்ட்லண்டில் ஒரு நடன விருந்து. அது முடியும் நேரத்தில் பனிப்புயல். வண்டியை ஓட்ட முடியாத அளவுக்குப் பனி குவிந்துவிட, விருந்துக்கு வந்த பெண்கள் வழியில் மாட்டிக்கொண்டு, கிடைத்த வீட்டில் ஒதுங்கி, வீடு வந்து சேர்வதற்குள் நடந்த கூத்தை ஒரு சாகசக் கதைபோலத் தங்கைக்கு எழுதுகிறார். பயமோ புலம்பலோ இல்லை. ‘இப்படி ஒரு ஜாலி என் வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை’ என்கிற மூடில் எழுதியது அது.

இதைப் படிக்கும்போது ஒன்று புரியும். இந்தக் கிசுகிசுவுக்கு ஒரு வேலை இருந்தது. யார் நம்பத்தக்கவர், யார் பணத்தை இறைப்பவர், யார் பெண்களிடம் மரியாதையாக நடக்கிறார் என்ற தகவல் பெண்களுக்குள் சுற்றியது இந்தக் கடிதங்கள் வழியாகத்தான். ஒரு தவறான ஆளைக் கட்டிக்கொண்டால் அதிலிருந்து வெளியே வருவது கிட்டத்தட்ட முடியாத காலத்தில், இது வெட்டிப் பேச்சு இல்லை, பாதுகாப்பு.

அது எவ்வளவு முடியாத காலம் என்று தெரிந்துகொள்வது முக்கியம். அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண் தனி நபரே இல்லை. அவருடைய சட்ட அடையாளம் கணவருக்குள் அடங்கிவிடும். அவர் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. கையில் இருக்கும் பணம், நகை, சம்பாதிக்கும் கூலி எல்லாம் கணவர் வசம். இதை ஓரளவாவது மாற்றத் தொடங்கிய சட்டம் நியூயார்க்கில் வந்தது 1848-ல்தான். விடுதலைப் பேச்சு சூடாக இருந்த 1776-லேயே அபிகெய்ல் ஆடம்ஸ் தன் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கடிதத்தில், புதிய சட்டங்கள் போடும்போது பெண்களை மறக்காதீர்கள் என்று கேட்டிருந்தார். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபரான அந்தக் கணவர், அதைச் சிரித்துத் தள்ளித்தான் பதில் போட்டார்.

ஆக, கல்யாணம் என்பது ஒரு பெண் எடுக்கும் ஒரே பெரிய முடிவு. அதையும் அவராக எடுக்க முடிந்ததா? இதைத்தான் எலைஸா மூன்றாவது குரலில் பேசுகிறார்.

குரல் மூன்று: கசினுக்கு வந்த நீ...ண்ட மெசேஜ்கள்

மோசஸ் போர்ட்டர், எலைஸாவின் கசின். படித்த இளைஞர். வாதம் செய்யப் பிடிக்கும். 1801 வாக்கில் இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தில், 17, 18 வயது எலைஸா வேறு ஆளாகவே தெரிகிறார். மோசஸின் பதில்களை எலைஸா கொடுக்கும் பதிலடியிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன் பேச்சு மாதிரி. ஆனால், எலைஸா என்ன சொல்கிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது.

முதல் விஷயம், கல்யாணம். காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்கள் நூற்றில் ஒருவர்கூட இருப்பாரா என்பது அவருடைய சந்தேகம். அதற்கு அவர் சொல்லும் காரணம் கூர்மையானது. ஆண், தனக்குப் பிடித்தவரைத் தேடிப்போய்க் கேட்கலாம். பெண்ணால் முடியாது. வந்து கேட்பவர்களில் பிடிக்காதவரை வேண்டாம் என்று சொல்ல மட்டும்தான் உரிமை. பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அப்படியிருக்க, பல பெண்கள் கணவரிடம் காட்டும் அன்பு என்பது, ‘இவராவது என்னைத் தேர்ந்தெடுத்தாரே’ என்ற நன்றியிலிருந்து வருவதுதான் என்கிறார். நன்றியைத்தான் காதல் என்று நினைத்துக்கொள்கிறோம் என்று ஒரு 17 வயதுப் பெண் எழுதுகிறார், அதுவும் 1800-களின் தொடக்கத்தில்!

அதோடு நிற்கவில்லை. மனசுக்குப் பிடித்த ஒருவர் கிடைக்கவில்லை என்றால், ஊர் கேலி செய்தாலும் பரவாயில்லை, கல்யாணமே ஆகாமல் இருந்துவிடும் துணிச்சல் தனக்கு இருக்கிறது என்றும் சொல்கிறார். ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதையாவது முழுசாகப் பயன்படுத்துவேன் என்பது அவர் நிலை.

இரண்டாவது விஷயம், படிப்பு. ஆண்களின் அறிவு ஒரு மாதிரி, பெண்களின் அறிவு ஒரு மாதிரி என்று சொல்வதை அவர் முழுதாக ஏற்கவில்லை. வித்தியாசம் பிறப்பில் பாதி, வளர்ப்பில் பாதி என்ற ரீதியில் வாதிடுகிறார். ஆண்பிள்ளைக்கு நாளை ஒரு தொழில் செய்ய வேண்டும் என்பதால், அவன் மூளைக்குத் தொடர்ந்து வேலை கொடுக்கிறார்கள். பெண்பிள்ளை பள்ளியை விட்டு வரும்போது, தலைக்குள் ஏதேதோ ஒழுங்கில்லாமல் குவிந்து கிடக்கிறது. உண்மையான படிப்பு ஆரம்பிக்க வேண்டிய வயதில் அவளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். தன்னையே அதற்கு உதாரணம் காட்டுகிறார். பயன்படுத்தவே கூடாதென்றால் பெண்ணுக்கு எதற்கு அறிவைப் படைக்க வேண்டும் என்ற தொனியில் கேள்வியும் கேட்கிறார்.

இந்த வாதத்தில் அவர் எடுக்கும் ஒரு ரிஸ்க்கையும் சொல்ல வேண்டும். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1792-ல் பெண்ணுரிமைக்காக ஒரு புகழ்பெற்ற நூல் எழுதியிருந்தார். அவர் இறந்த பிறகு, 1798-ல் அவருடைய கணவர் வில்லியம் காட்வின் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அவருடைய சொந்த வாழ்க்கையை வெளிப்படையாகச் சொல்லிவிட, அவர் பெயரை நல்ல குடும்பங்களில் உச்சரிக்கவே தயங்கினார்கள். இன்றைய பாஷையில் ‘கேன்சல்’ செய்யப்பட்டவர். எலைஸா கவனமாகத்தான் பேசுகிறார். நான் அவருடைய நடத்தையை ஆதரிக்கவில்லை என்று ஒரு ‘டிஸ்க்ளெய்மர்’ போட்டுவிட்டு, ஆனால் அவர் சொன்ன கருத்துகளில் பல எனக்குப் பிடித்திருக்கின்றன என்று சொல்லிவிடுகிறார். இதை அப்பா, அம்மாவுக்குப் போகும் கடிதத்தில், கூடத்தில் சத்தமாகப் படிக்கப்போகும் தாளில் எழுதியிருக்க முடியுமா?

மூன்றாவது விஷயம்தான் மனசைப் பிசைகிறது. நான் ஆணாக இருந்தால் என்ன தொழில் எடுத்திருப்பேன் என்று யோசிக்கிறார். வக்கீல் தொழில் என்கிறார். பேச்சில் ஜொலிக்கும் திறமை இருந்தால், எல்லோரும் மதிக்கும் பொது மனிதராக ஆகியிருக்கலாமே என்று கொஞ்ச நேரம் அந்தக் கனவுக்குள் போகிறார். அடுத்த மூச்சிலேயே, நல்லவேளை நான் ஆணாகப் பிறக்கவில்லை என்கிறார். ஆணாக இருந்தால் சுமாராக இருப்பது எனக்குப் போதாது. பெண்ணாக இருப்பதால் மற்ற பெண்கள் அளவுக்கு இருந்தாலே போதும், பெரிய புகழாசை இல்லை என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கிறார்.

இதைப் படித்துவிட்டு ‘அட, கடைசியில சரண்டர் ஆயிட்டாரே’ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், கதவே இல்லாத சுவரின் முன்னால் நிற்பவர் அவர். அமெரிக்காவில் முதல்முறையாக ஒரு பெண், அரபெல்லா மேன்ஸ்ஃபீல்ட், வக்கீலாக அனுமதிக்கப்பட்டது 1869-ல். இந்தக் கடிதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 70 ஆண்டுகள்! அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, வலிக்காததுபோல நகர்ந்துபோகும் ஒரு பெண்ணைத்தான் அந்தத் தாளில் பார்க்கிறோம்.

1802: எல்லாம் ஒரே வருடத்தில்

1802-ல் மோசஸ் இறந்துபோனார். துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் ஏறியதில் தொற்றிய மஞ்சள் காய்ச்சல். எலைஸா மனம் திறந்து வாதாடிய அந்த ஒரே முகவரி இல்லாமல் போனது.

அதே ஆண்டு, குடும்ப நண்பர்களுடன் நியூயார்க் மாநிலத்தின் பால்ஸ்டன், சரடோகா பக்கம் சுற்றுலா போகிறார். கனிமநீர் ஊற்றுகளில் குளிக்கவும் குடிக்கவும் வசதியானவர்கள் கூடும் இடம் அது. அங்கே வால்டர் பௌன் என்ற நியூயார்க் வணிகரைச் சந்திக்கிறார். அவர் எலைஸாவை விரும்புகிறார், கல்யாணம் பற்றிப் பேசுகிறார்.

இப்போது எலைஸா அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். விக் கேட்ட அதே அம்மாவுக்கு. இந்தக் கடிதத்தில் மூன்று குரல்களும் கலந்துவிடுகின்றன. பணிவு இருக்கிறது, முடிவு உங்கள் கையில்தான், அவரைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அதே சமயம், அவரை எப்படி எடைபோட்டேன் என்பதையும் சொல்கிறார். குணம், நிதானம், மற்றவர்கள் அவர்மீது வைத்திருக்கும் மதிப்பு. தலைகால் புரியாத காதல் என்று எதுவும் இல்லை. மோசஸிடம் வாதாடியபோது, மதிக்க முடியாத ஒருவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்ற கோட்டில் நின்றாரே, அதே அளவுகோலை வைத்துத்தான் இப்போது ஓர் உண்மையான மனிதரை அளக்கிறார்.

கசினுக்கு எழுதிய அந்த நீண்ட கடிதங்களின் வேலை இதுதான். அவை உலகத்தை மாற்றவில்லை, சட்டத்தை மாற்றவில்லை. ஆனால், முடிவெடுக்க வேண்டிய நாள் வந்தபோது, எலைஸா என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார். எழுதி எழுதி யோசித்திருந்தார். அப்பா, அம்மாவின் சம்மதம் வந்தது, 1803-ல் கல்யாணம். எலைஸா நியூயார்க்குக்குக் குடிபோனார்.

கடைசிக் கடிதங்கள்

நியூயார்க்கிலிருந்து அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் கடிதங்கள் தொடர்ந்தன. புது வீடு, கடைவீதி, விருந்துகள், யார் என்ன உடுத்துகிறார்கள்... பெரிய நகரம் பார்த்த சின்ன ஊர்ப் பெண்ணின் ஆச்சர்யங்கள். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். ஆனால் உடல்நிலை மோசமானது. குளிரிலிருந்து தப்பி, தெற்கே சூடான ஊருக்குப் போனால் தேறிவிடும் என்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்குக் கூட்டிப்போனார்கள். 1809 பிப்ரவரியில், அங்கேயே இறந்தார். வயது 25.

அவர் கணவர் பின்னர் நியூயார்க் மேயரானார். அது எலைஸா பார்க்காத காலம். எலைஸாவின் கடிதங்கள் குடும்பத்திடம் பத்திரமாக இருந்தன. 1887-ல் அவை புத்தகமாக வெளிவந்தன. ‘எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் வாழ்க்கை’ என்று பொருள்படும் தலைப்பு.

இங்கே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் கடிதங்கள் கிடைத்தது, எலைஸா வசதியான வீட்டில் பிறந்ததால். காகிதம், பள்ளி, தபால் கட்டணம், கடிதத்தைப் பாதுகாக்க ஒரு பெட்டி, எல்லாமே காசு. அவர் உயிர்விட்ட தென் கரோலினாவில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே 1740-ல் சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். அதே தெருக்களில், அதே வயதில் எத்தனையோ பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அம்மாவிடம் கேட்க ஏதோ இருந்திருக்கும். தங்கையிடம் சொல்லக் கதை இருந்திருக்கும். யாரிடமாவது வாதாட ஆசை இருந்திருக்கும். அவர்களுடைய இன்பாக்ஸ் நமக்குக் கிடைக்கவில்லை. எழுத விடாமல் செய்வது, ஒருவரைச் சரித்திரத்திலிருந்து அழிக்க மிகச் சுலபமான வழி.

சரி, நமக்கு என்ன?

இன்று மெசேஜ் அனுப்ப 8 சென்ட் தேவையில்லை. பனிப்புயலில் தபால் வண்டி வருமா என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஃபேமிலி குரூப்பும் இருக்கிறது, தங்கையின் சாட்டும் இருக்கிறது. குறைந்துபோனது மூன்றாவது குரல்தான். ‘ஆமா’ போடாமல், லைக் போடாமல், நம்மோடு சண்டை போட்டு யோசிக்க வைக்கும் ஓர் ஆளுக்கு முழுசாக எழுதுவது.

படிப்பைத் தொடர்வதா, வேலையை விடுவதா, வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்வதா... இப்படி ஏதோ ஒரு கேள்வி உங்கள் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்டேட்டஸில் மறைமுகமாகப் போடுவதற்குப் பதிலாக, உங்களை மறுத்துப் பேசக்கூடிய ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒருநாள் உட்கார்ந்து முழு வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும், எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று. அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி. முடிவெடுக்க வேண்டிய நாள் வரும்போது, அதைத் திரும்ப எடுத்துப் படிக்கலாம்.

ஒரே ஒரு விஷயம்... அனுப்புவதற்கு முன்னால் குரூப் பெயரை மட்டும் ரெண்டு தடவை செக் பண்ணிக்கோங்க!